மீட்டரை யார் படிப்பது?

(போலீஸ் கையில் மின் அதிர்ச்சித் துப்பாக்கி – ஒரு பாடக் கட்டுரை)
மூன்றாமாண்டு, மின்னியல் – மின்னணுவியல் பிரிவு



இந்த ஆண்டு மலருக்கு டெக்னிக்கல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாமா, சோலார் பற்றி எழுதலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தேன். அப்போது ஹாஸ்டலில் ஒரு நாள் ராத்திரி நடந்த சம்பவம்தான் என்னை இந்தத் தலைப்புக்கு இழுத்து வந்தது.

நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் மஞ்சள் நிறத் துப்பாக்கி போன்ற ஒன்றை நீட்டுகிறார். 'டக்' என்று சத்தம். எதிரே நின்ற ஆள் வெட்டிய வாழைமரம் மாதிரி அப்படியே சாய்கிறான். பார்த்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் லேப்பில் சாரிடம் கேட்டேன். "சார், அதுல ஐம்பதாயிரம் வோல்ட்னு போட்டிருக்கு. 230 வோல்ட்டே ஆளைக் கொல்லுது. அவன் எப்படி சார் எழுந்து உட்கார்றான்?"

சார் சிரித்துக் கொண்டே, "வோல்ட்டை மட்டும் பார்த்துப் பேசறவன் மின்னியல் படிக்கலேன்னு அர்த்தம். போய்க் கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்றார்.

கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு என்னைக் கனடாவில் ஒரு விமான நிலையம் வரை கொண்டு போய் விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கருவி எப்படி வேலை செய்கிறது?

இதன் பெயர் டேசர். ஜாக் கவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970-களில் இதை உருவாக்கினார். சிறு வயதில் படித்த டாம் ஸ்விஃப்ட் என்னும் சாகசக் கதையின் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து இந்தப் பெயரை வைத்தார். முதலில் வந்தது வெடிமருந்தால் இயங்கியது. எனவே அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கி வகையில் சேர்த்து விட்டது. பிறகு 1993-ல் அரிசோனாவில் தொடங்கிய கம்பெனி, வெடிமருந்துக்குப் பதில் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்தியது. அந்தக் கம்பெனி 2017-ல் ஆக்ஸான் என்று பெயர் மாற்றிக் கொண்டது.

விசையை அழுத்தினால் கார்ட்ரிட்ஜிலிருந்து முள் வைத்த இரண்டு ஊசிகள் பாய்கின்றன. ஒவ்வொன்றின் வாலிலும் மெல்லிய காப்பிட்ட கம்பி. இரண்டும் உடம்பில் குத்தியவுடன் சுற்று முழுமையாகிறது. நடுவில் இருக்கும் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகிக் கொள்கின்றன. கை, கால் நம் சொல் கேட்காது. ஆள் விழுந்து விடுவான். ஊசி இல்லாமல் கருவியின் முனையை நேரடியாக உடம்பில் வைத்து அழுத்தும் முறையும் உண்டு. அதில் தசை முழுக்க இறுகாது. வலி மட்டும்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். முதல் முறை ஆளை நிறுத்துகிறது. இரண்டாவது, வலியைக் காட்டிப் பணிய வைக்கிறது.

2. ஐம்பதாயிரம் வோல்ட் என்பது என்ன?

2003-ல் வந்த எக்ஸ் 26 என்ற மாடலை எடுத்துக் கொள்வோம். பல நாட்டுப் போலீசார் அதிகம் பயன்படுத்தியது இதைத்தான்.

உள்ளே இருப்பது 6 வோல்ட் பேட்டரி. அதை மின்தேக்கியும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து உயர்த்துகின்றன. 50,000 வோல்ட் என்பது திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது நமது லேப் பாஷையில் நோ-லோடு வோல்டேஜ். ஊசி சட்டைத் துணியில் நின்று விட்டால் அந்தக் காற்று இடைவெளியைத் தாண்டத்தான் அது தேவை. உடம்பு என்ற லோடு இணைந்தவுடன் அது சுமார் 1,200 வோல்ட்டுக்கு இறங்கி விடுகிறது.

இனி மின்னோட்டம். ஒரு துடிப்புக்குச் சுமார் 100 மைக்ரோ கூலூம் மின்னூட்டம். விநாடிக்கு 19 துடிப்பு.

100 × 19 = 1,900 மைக்ரோ கூலூம். அதாவது சராசரி மின்னோட்டம் 1.9 மில்லி ஆம்பியர்.

நம் வீடுகளில் மாட்டும் உயிர்காப்பு சர்க்யூட் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர் கசிவில்தான் விழும். இது 2 மில்லி ஆம்பியர்கூட இல்லை! "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் சராசரி என்பது பாதி உண்மைதான். ஒரு துடிப்பு நீடிப்பது சுமார் 100 மைக்ரோ விநாடி. அந்த நேரத்துக்குள் 100 மைக்ரோ கூலூம் ஓடுகிறது என்றால், அப்போது ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர் அளவு! மூவிங் காயில் மீட்டரை இணைத்தால் அது சராசரியைத்தான் காட்டும். உடம்பு அனுபவிப்பதோ ஒவ்வொரு துடிப்பையும்.

துடிப்பு இவ்வளவு குறுகியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குறுகிய துடிப்பு தசை நரம்புகளை எளிதில் தூண்டும், இதயத் தசையை அவ்வளவு எளிதில் தூண்டாது. அதனால்தான் பெரும்பாலானோர் எழுந்து உட்காருகிறார்கள். கத்தியோடு வருபவனைச் சுட்டுக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்று போலீஸ் தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை மறுக்க முடியாது.

3. அப்படியானால் ஆபத்து எங்கே?

முதலாவது, இடம். ஊசி நெஞ்சில் இதயத்துக்கு அருகே பட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடக்கூடும். தயாரித்த கம்பெனியே 2009 அக்டோபரில், முடிந்தவரை நெஞ்சைத் தவிர்த்துக் கீழே குறி வையுங்கள் என்று போலீசாருக்கு அறிவுரை அனுப்பியது.

இரண்டாவது, நேரம். ஒரு முறை விசையை அழுத்தி விட்டால் 5 விநாடி ஓடும். 95 துடிப்பு. எக்ஸ் 26-ல் விசையை விடாமல் பிடித்தால் 5 விநாடியைத் தாண்டியும் ஓடிக் கொண்டே இருக்கும். நேரத்தை நிர்ணயிப்பது மிஷின் அல்ல, விரல்.

மூன்றாவது, விழுகை. கை கால் இறுகிப் போனவன் கையை ஊன்றி விழ முடியாது. தலை தரையில் மோதும்.

நான்காவது, அளவுச் சோதனை. கனடாவின் சி.பி.சி. செய்தி நிறுவனம் 2008-ல் 41 டேசர்களைச் சோதனைக்கூடத்தில் பரிசோதிக்கச் செய்தது. 4 கருவிகள் கம்பெனி சொன்ன அளவைவிட அதிக மின்னோட்டம் கொடுத்தன. நமது லேப் மீட்டருக்கே கேலிபரேஷன் கேட்கிறோம். மனித உடம்பில் இணைக்கும் கருவிக்கு வேண்டாமா?

4. வான்கூவர் விமான நிலையம், 2007

ராபர்ட் ஜெகான்ஸ்கி போலந்து நாட்டுக்காரர். வயது 40. கனடாவில் குடியேறியிருந்த தாயோடு வாழ வேண்டும் என்று 2007 அக்டோபர் 13 அன்று வான்கூவரில் வந்து இறங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பெட்டி வரும் இடத்திலேயே நில் என்று தாய் சொல்லியிருந்தார். ஆனால் அந்த இடம் சுங்கப் பகுதிக்குள் இருந்தது. வெளி ஆட்கள் அங்கே போக முடியாது. உள்ளே மகன், வெளியே தாய். மணிக்கணக்காகக் காத்திருந்த தாயிடம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லி விட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பிப் போனார்.

மகன் சுமார் 10 மணி நேரம் உள்ளேயே அலைந்தார். யாரும் அவர் மொழியில் பேசவில்லை. நள்ளிரவு தாண்டி, களைத்து, கலங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார், பொருட்களை எறிந்தார். ராயல் கனடியன் மவுண்டட் போலீஸ் படையைச் சேர்ந்த நான்கு பேர் வந்தார்கள். வந்து அரை நிமிடத்துக்குள் டேசர் சுடப்பட்டது. அப்போது அவர் கையில் இருந்தது ஒரு ஸ்டேப்ளர். கீழே விழுந்த பிறகும் மறுபடி மறுபடி விசை அழுத்தப்பட்டது. மொத்தம் ஐந்து முறை. அந்த இடத்திலேயே அவர் இறந்து போனார்.

நண்பர்களே, இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஒரு முறை பாட்டியைக் கூட்டிக் கொண்டு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். போர்டு படிக்கத் தெரியாமல் தப்பான கவுண்டர் முன்னால் மதியம் வரை நின்றிருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டதும் வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்து வெளியே தள்ளினார். "நான் சண்டை போடலப்பா, வழிதான் கேட்டேன்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஜெகான்ஸ்கி பற்றிப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. வழி தெரியாதவனின் சத்தம் கலாட்டா மாதிரித்தான் கேட்கும். கையில் டேசர் இருப்பவருக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

5. பதில் சொன்னார்களா?

நான்கு போலீசாரும் எழுதிய குறிப்புகளில், அவர் எதிர்த்து வந்தார், மல்லுக்கட்டித்தான் தரையில் சாய்க்க வேண்டியிருந்தது என்ற மாதிரி இருந்தது. அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அங்கே இருந்த ஒரு பயணி தன் கேமராவில் எல்லாவற்றையும் பிடித்திருந்தார். கேமராவைப் போலீஸ் வாங்கிக் கொண்டது. சொன்னபடி திருப்பித் தரவில்லை. அவர் வக்கீல் வைத்து அதைத் திரும்ப வாங்கி நவம்பரில் உலகத்துக்குக் காட்டினார். முதல் அடியிலேயே மனிதர் விழுந்து விட்டது அதில் தெளிவாகத் தெரிந்தது.

இருந்தும் 2008 டிசம்பரில், பலப்பிரயோகத்துக்காக யார் மீதும் வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் தரப்பு அறிவித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஓய்வு பெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. அவர் இரண்டு அறிக்கைகள் தந்தார். 2009-ல் வந்த முதல் அறிக்கை கருவியைப் பற்றியது. இந்தக் கருவியால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டுச் சாவு நேரக்கூடும் என்று அது சொன்னது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2010-ல் அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. அதே ஆண்டு வந்த இரண்டாவது அறிக்கை, அன்றைக்கு டேசரைப் பயன்படுத்தியது நியாயமே இல்லை என்றும், போலீசார் நடந்ததை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள் என்றும் கூறியது. போலீஸ் படை அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டது.

பிறகு நான்கு பேர் மீதும் கமிஷன் முன் பொய்ச் சாட்சி சொன்னதாக வழக்கு வந்தது. இரண்டு பேர் விடுதலை ஆனார்கள். டேசரைச் சுட்ட க்வேசி மில்லிங்டனுக்கு 2015-ல் 30 மாதச் சிறை. மேலதிகாரி பெஞ்சமின் மான்டி ராபின்சனுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவு. 2017 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

கவனியுங்கள். தண்டனை பொய் சொன்னதற்குத்தான். ஐந்து முறை விசை அழுத்தியதற்கு ஒரு நாள்கூடச் சிறை இல்லை. இதற்கே பத்து ஆண்டு ஆனது. அதுவும் ஒரு பயணி கேமராவை ஆன் செய்ததால்!

6. மற்ற நாடுகளில்

அமெரிக்கா: 2005-ல் கலிபோர்னியாவில் சீட் பெல்ட் போடாமல் வந்த 21 வயது இளைஞரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். அவர் காரை விட்டு இறங்கித் தன்னையே நொந்து கத்திக் கொண்டு நின்றார். கையில் ஆயுதம் இல்லை. போலீஸ்காரரிடமிருந்து சுமார் 20 அடி தள்ளி நின்றவர் மீது டேசர் பாய்ந்தது. முகம் தார் ரோட்டில் மோதி நான்கு பற்கள் உடைந்தன. இது அளவு மீறிய பலம் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சம்பவம் நடந்த 2005-ல் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை என்று சொல்லி அந்தப் போலீஸ்காரருக்கு விலக்குக் கொடுத்து விட்டது. தப்பு நடந்தது, தப்பு செய்தவர் பொறுப்பில்லை! அந்தத் தீர்ப்பால் கிடைத்த ஒரே லாபம், இனி வருபவர்கள் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்து: முன்னாள் கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சன் 2016 ஆகஸ்ட் 15 அன்று டெல்ஃபோர்டு நகரில் தன் தந்தையின் வீட்டருகே டேசரால் சுடப்பட்ட பின் இறந்தார். பெஞ்சமின் மாங்க் என்ற போலீஸ்காரர் டேசரை 33 விநாடி ஓட விட்டார். விழுந்தவரின் தலையில் உதைக்கவும் செய்தார். விநாடிக்கு 19 என்று வைத்தால் 627 துடிப்பு. 2021-ல் அவருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 8 ஆண்டு சிறை. பணியின்போது நடந்த சாவுக்காக ஒரு போலீஸ்காரர் இந்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் நடக்காத விஷயம்.

ஆஸ்திரேலியா: 2023 மே மாதம் கூமா என்ற ஊரின் முதியோர் இல்லத்தில், நடைவண்டியைப் பிடித்தபடி கையில் சமையலறைக் கத்தியோடு நின்ற 95 வயது மூதாட்டி மீது டேசர் சுடப்பட்டது. விழுந்து தலையில் அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்தார். 2024 நவம்பரில் ஜூரி அந்தப் போலீஸ்காரரைக் குற்றவாளி என்றது. 2025-ல் கிடைத்த தண்டனையில் சிறைவாசம் இல்லை. இரண்டு ஆண்டு சமூகக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

7. கருவியே சாட்சி சொல்லும், ஆனால்...

நமக்குத் தொழில்நுட்பரீதியாக முக்கியமான இடம் இதுதான். எக்ஸ் 26-க்கு ஞாபகசக்தி உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி விசை அழுத்தப்பட்டது என்று அதற்குள் பதிவாகும். கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம். கார்ட்ரிட்ஜ் வெடிக்கும்போது சீரியல் நம்பர் அச்சிட்ட பொடிப் பொடித் துணுக்குகள் தரையில் சிதறும்படியும் செய்திருந்தார்கள். யாருக்குக் கொடுத்த கார்ட்ரிட்ஜ் என்று கண்டுபிடிப்பதற்காக. இப்போதோ ஆயுதத்தை எடுத்தவுடன் போலீசாரின் சட்டைக் கேமரா தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடும் வந்து விட்டது.

சரி, அப்புறம் என்ன பிரச்னை?

நம்ம வீட்டு இ.பி. மீட்டரை நினைத்துப் பாருங்கள். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் கரண்டைச் செலவு செய்யும் வீட்டுக்காரரே ரீடிங் எடுத்து, அவரே அட்டையில் எழுதி, அவரே பில் போட்டுக் கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும்? டேசர் விஷயத்திலும் அதே கதைதான். பதிவு இருக்கிறது. அதை எடுப்பதும் போலீஸ், வைத்திருப்பதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ் என்றால் பதிவு இருந்து என்ன பயன்? இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டேசரைச் செய்யும் அதே கம்பெனிதான் சட்டைக் கேமராவையும் விற்கிறது, வீடியோ சேமித்து வைக்கும் இடத்தையும் விற்கிறது.

பிரெய்ட்வுட் கமிஷன் இதைச் சரியாகப் பிடித்தது. அவர் சொன்னவற்றையும், மற்ற வழக்குகளில் பார்த்ததையும் சேர்த்து நான் புரிந்து கொண்டதை வரிசைப்படுத்துகிறேன்.

அ) எப்போது: ஒருவர் பிறருக்குக் காயம் விளைவிக்கிறார், அல்லது உடனே விளைவிக்கப் போகிறார் என்றால் மட்டும். சொன்னதைக் கேட்கவில்லை என்பது காரணமாகாது.

ஆ) எவ்வளவு: 5 விநாடிக்கு மேல் கூடாது. மேற்கொண்டு ஒவ்வொரு அழுத்தலுக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். முதல் அடிக்குச் சொன்ன காரணம் இரண்டாவதுக்குச் செல்லாது.

இ) சோதனை: ஒவ்வொரு கருவிக்கும் குறித்த காலத்தில் வெளி சோதனைக்கூடத்தில் அளவுச் சோதனை.

ஈ) பதிவு: கருவியின் ஞாபகத்தைச் சுட்டவரோ அவர் ஸ்டேஷனோ எடுக்கக் கூடாது. மூன்றாவது கை எடுக்க வேண்டும்.

உ) விசாரணை: சாவோ பெருங்காயமோ நேர்ந்தால் அந்தப் போலீஸ் படையைச் சேராதவர்கள் விசாரிக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 செப்டம்பர் முதல் இதற்கென்றே தனி அலுவலகம் இயங்குகிறது. ஜெகான்ஸ்கி சாவினால் வந்த உருப்படியான மாற்றம் இதுதான்.

8. முடிவாக

கணக்கை எடுத்துக் கொண்டு மறுபடி சாரிடம் போனேன். 1.9 மில்லி ஆம்பியர் என்பதைப் பார்த்து "கரெக்ட்" என்று டிக் போட்டார். பிறகு நான், "சார், எத்தனை விநாடிங்கறதுக்கு ஃபார்முலா இல்லையே?" என்றேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது ஃபார்முலாவில் வராதுப்பா. அது ஆளைப் பொறுத்தது. அதனாலதான் ஆளைக் கேள்வி கேட்கணும்" என்றார்.

நண்பர்களே! லேப்பில் நாம் எடுக்கும் ஒவ்வொரு ரீடிங்கையும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்குகிறோம். நாமாக மாற்றி எழுதி விடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. ஒரு ரெசிஸ்டருக்கே இவ்வளவு கட்டுப்பாடு. நாளை நம்மில் சிலர் கருவி செய்யும் கம்பெனிக்குப் போவோம். சிலர் சோதனைக்கூடத்துக்குப் போவோம். சிலர் போலீஸ் வேலைக்கே போகலாம். எங்கே போனாலும் 'அளந்தது யார், கையெழுத்துப் போட்டது யார்' என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டு விட வேண்டாம்.

அந்த ஹாஸ்டல் வீடியோவை நான் பிறகு இன்னொரு முறை பார்த்தேன். இந்தத் தடவை விழுந்தவனைப் பார்க்கவில்லை, விசை மேல் இருந்த விரலைப் பார்த்து எண்ணினேன். நீங்களும் அப்படி ஒரு வீடியோ வந்தால் சிரிப்பதற்கு முன்னால் விநாடிகளை எண்ணிப் பாருங்கள்.